நான் எழுதிய தாள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். முப்பது வருடம் தமிழாசிரியராகக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம், பஞ்சாயத்துக்கு மனு, கோயில் நன்கொடைப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று எதுவாக இருந்தாலும் "வாத்தியாரிடம் கொடுங்கள்" என்பார்கள். கேரளத்துக்குள் இருந்துகொண்டு தமிழைப் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. 2016-ல் அண்ணன் மகளுக்காக ஒரு தாளை எழுதிக்கொடுத்ததும் அந்த மிதப்போடுதான். அந்தத் தாள் ஒரு வருடமாக என்னைத் தூங்கவிடவில்லை.

அவளைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு இளநீர் வியாபாரம். தோப்புகளைக் குத்தகைக்குப் பேசி, காய் வெட்டி, லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிற தொழில். எப்படிப் பிரிந்தார்கள், யார்மேல் தப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்திலும் அதற்கு இரண்டு கதை இருக்கும், எங்களிடமும் இரண்டு இருக்கிறது. பிரிந்தபோது குழந்தைக்கு மூன்று வயது என்பது மட்டும் போதும்.

பேச்சுவார்த்தை ஒரு பெரியவருடைய தேங்காய்க் களத்தில் நடந்தது. கொப்பரை காயும் வாசனை இன்றைக்கும் எனக்கு அந்த மத்தியானத்தைத்தான் நினைவூட்டும். இரண்டு பக்கத்திலும் பெரியவர்கள், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வெயிலுக்கு ஒதுங்கிய இரண்டு நாய்கள். நகை ஒன்பது பவுனைத் திருப்பிக் கொடுப்பதென்று முதலில் முடிவானது. அடுத்து பணம். மூன்று லட்சத்தில் ஆரம்பித்து ஒன்றரை லட்சத்தில் வந்து நின்றது. பிறகு பத்திரத்தாளைக் கேரளத்தில் வாங்குவதா தமிழ்நாட்டில் வாங்குவதா என்று பெரிய விவாதம். "அவர்கள் தாள் நம் கோர்ட்டில் செல்லுமா?" என்று அண்ணன் கேட்டார், "நீங்கள் எந்தக் கோர்ட்டுக்கும் போகப்போவதில்லையே, எந்தத் தாளாக இருந்தால் என்ன?" என்று பெரியவர் சிரித்தார். அரைமணி நேரம் இதற்கே போனது. குழந்தையைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடம்கூட இல்லை. "பெண் குழந்தைதானே, அம்மாவோடு இருக்கட்டும்" என்றார் யாரோ. எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

வாசகம் சொல்லச் சொல்ல எழுதினேன். பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "குழந்தைக்கென்று இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிவிடுங்கள்." பேச்சு மொழியில் இருந்ததை நான் செப்பனிட்டேன். "குழந்தையின் பராமரிப்பு குறித்துத் தகப்பனாரிடம் எக்காலத்திலும் எவ்விதத் தொகையும் கோரமாட்டேன்." அந்த 'எக்காலத்திலும்' யாரும் சொல்லாதது. ஓசைக்காக நானாகச் சேர்த்தது. அண்ணன் மகள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். சித்தப்பா எழுதியதாயிற்றே.

ஒன்றரை லட்சம் எங்கே போனது

இதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம், ஆனால் சொல்லியாக வேண்டும். வாங்கிய ஒன்றரை லட்சம் குழந்தையின் பெயரில் வங்கியில் விழவில்லை. கல்யாணத்துக்காக அண்ணன் வட்டிக்கு வாங்கியிருந்த கடன் அப்படியே நின்றது, அதை அடைத்தோம். கல்யாணக் கடனைக் கல்யாணம் முறிந்த பணத்தில் அடைத்தால் கணக்கு நேராகிவிட்டது என்று அன்று தோன்றியது. யாருடைய பணத்தை எடுத்து யாருடைய கடனைக் கட்டினோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பின்னாளில் ஒரு ராத்திரி நான் வகுத்துப் பார்த்தேன். மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் பதினைந்து வருடம், அதாவது 180 மாதம். ஒன்றரை லட்சத்தை 180-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 833 ரூபாய். நாளுக்கு 28 ரூபாய்கூட முழுதாக இல்லை. ஒரு தகப்பனின் பொறுப்பை ஒரு நாளைக்கு ஓர் இளநீருக்கும் குறைவாக நாங்கள் விலைபேசி முடித்திருக்கிறோம், அதுவும் ஓர் இளநீர் வியாபாரியிடம்.

குழந்தை வளர்ந்தாள். அண்ணன் மகள் பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன்னால் போய்ப் பாலின் கொழுப்பை அளந்து சீட்டு எழுதும் வேலை. மாதம் பதினோராயிரம். குழந்தைக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. எட்டு மாதத்தில் பவர் மாறியது, மறுபடியும் கண்ணாடி. பள்ளி வேன், மழைக்காலக் காய்ச்சல், கால் வளர்ந்ததால் உதவாமல் போன செருப்பு. பெரிய செலவு ஏதும் இல்லை, எல்லாம் சில்லறைதான். அப்பனிடம் கேட்கலாமே என்று யாராவது சொன்னால் என் அண்ணி அலமாரியைக் காட்டுவார். அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் என் தாள் இருந்தது.

ஒருமுறை தேர்த்திருவிழாவில் அவன் குழந்தையைப் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் திணித்தான். சுற்றி நின்ற உறவினர்கள் உருகிப்போனார்கள். "என்ன இருந்தாலும் அப்பா மனசு பாருங்கள்" என்றார் ஒரு பெரியம்மா. அந்த ஐந்நூறைப் பற்றி ஊர் மூன்று நாள் பேசியது. எட்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்த தாயைப் பற்றி யாரும் ஒரு நாள்கூடப் பேசியதில்லை. அவள் செய்வது கடமை, அவன் செய்வது கருணை என்று எங்கள் நாக்கு எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டது.

இங்கே மலையாளத்தில் "செலவினு கொடுக்குந்நில்லா" என்பார்கள். பிரிந்த கணவன் பிள்ளைக்குப் பணம் தருவதில்லை என்பதை இந்த இரண்டு சொல்லில் சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லைத் தமிழர்களான நாங்களும் "செலவுக்குக் கொடுப்பதில்லை" என்றுதான் சொல்கிறோம். பழைய தமிழில் செலவு என்றால் போவது, பயணம். பிரிந்து போகக் கிளம்பிய தலைவன் மனம் கேளாமல் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பார்கள். வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஒரே சொல்லில் போனவனும் இருக்கிறான், அவன் போன பிறகு கையை விட்டுப் போகும் காசும் இருக்கிறது. ஆசிரியராக இருந்தவனுக்கு இப்படி எதையாவது பிடித்துத் தொங்குவது வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து

2024-ல் குழந்தை ஆறாம் வகுப்பு. பால் சொசைட்டியில் உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சட்டப்பணிக் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்று அண்ணன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு. அவள் கிளம்பினாள், துணைக்கு என்னை அழைத்தாள். நான் போனது உதவி செய்வதற்காக அல்ல, அந்தத் தாளைக் காட்டி "இதோ பாருங்கள், எழுதிக் கொடுத்தாகிவிட்டது" என்று சொல்லி அவளைத் திரும்ப அழைத்துவரத்தான். இப்போது எழுதும்போதுதான் அது எனக்கே பிடிபடுகிறது.

வக்கீல் இளம் மலையாளிப் பெண். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. "சார் வாசிக்குங்கள், நான் கேட்கிறேன்" என்றார். எட்டு வருடம் கழித்து என் வாசகத்தை நானே உரக்கப் படித்தேன். படித்து, ஒவ்வொரு வரியாக மலையாளத்தில் சொன்னேன். பாத்தியதை, பொறுப்பு, பராமரிப்பு எல்லாம் தடையில்லாமல் போயின. 'எக்காலத்திலும்' வந்ததும் நின்றுவிட்டேன். "ஒரிக்கலும்" என்று சொல்ல வேண்டும். சின்னச் சொல்தான், தொண்டையில் சிக்கியது. சொன்னேன்.

அவர் தாளை வாங்கிக் கீழே பார்த்தார். ஏழு கையெழுத்து. ஒவ்வொன்றாக யாருடையது என்று கேட்டார். இது அவன், இது இவள், இது அண்ணன், இது அவனுடைய அப்பா, இது களத்துப் பெரியவர், இவர்கள் சாட்சி. கேட்டு முடித்துவிட்டு, கிண்டல் ஏதும் இல்லாமல், கணக்கில் ஒன்று குறைகிறதே என்பது போலக் கேட்டார்: "குட்டி எவிடெயா ஒப்பிட்டது?" குழந்தை எங்கே கையெழுத்துப் போட்டது?

மூன்று வயதுக் குழந்தை எப்படிப் போடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதான் அவர் சொல்ல வந்ததும். பராமரிப்புத் தொகை தாய்க்குச் சேர வேண்டியதில்லை, பிள்ளைக்குச் சேர வேண்டியது. தனக்கு வர வேண்டியதை வேண்டாம் என்று தாய் சொல்லலாம். பிள்ளைக்கு வர வேண்டியதை வேண்டாம் என்று சொல்ல அவள் யார், அவளைச் சொல்ல வைக்க நாங்கள் யார்? அப்படி எழுதி வாங்கிய வாசகம் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. பத்திரத்தாளில் எழுதிக்கொண்டதால் விவாகரத்தும் ஆகிவிடவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்றைக்கும் கணவன் மனைவிதான். நான் எழுதியதில் செல்லுபடியானது தேதி மட்டும்தான் போலிருக்கிறது.

அன்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணன் மகள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "அப்படியென்றால் அப்போதே கேட்டிருக்கலாம் இல்லையா, சித்தப்பா?" என்றாள். அவ்வளவுதான்.

கேட்டிருக்கலாம். இங்கே எம்.சி. கேஸ் என்று ஜனங்கள் சொல்லும் பராமரிப்பு வழக்கு எங்கள் களத்துப் பேச்சுக்கு வெகுகாலம் முந்தியது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு. எண் மாறியும் வக்கீல் குமாஸ்தாக்கள் வாயில் இன்னும் '125 கேஸ்'தான். வசதி இருந்தும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் மாதாமாதம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். முறைப்படி மணம் செய்து பிறந்ததா என்ற கேள்விகூட அதில் கிடையாது. முன்பு 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது, 2001-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். முக்கியமாக, தாய் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டியதில்லை. அரைமணி நேரம் எந்த மாநிலத்துத் தாள் என்று சண்டை போட்டோமே, அந்தக் கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லி வைத்திருந்தது.

என்னைக் குத்துவது இதுதான். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், பராமரிப்புத் தொகையை மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று சொன்னது. வழக்கு எத்தனை வருடம் இழுத்தாலும் அந்த மாதங்கள் வீணாகக்கூடாது என்பதற்கான நல்ல தீர்ப்பு. ஆனால் மனு கொடுக்காமல் உட்கார்ந்திருந்த மாதங்களை எம்.சி. கேஸ் மீட்டுத் தராது. எங்கள் விஷயத்தில் அது 96 மாதம். என் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லைதான், ஆனாலும் எட்டு வருடம் அது வேலை செய்திருக்கிறது.

அவன் பக்கம்

அவனை வில்லனாக எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அந்தத் தாள் அவனையும்தான் ஏமாற்றியது. பெரியவர்கள் முன்னால் பணம் எண்ணிக் கொடுத்தவன், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பான். முதல் வருடம் தீபாவளிக்கு முதல் நாள் பலகாரமும் ஒரு கவுனும் வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. "பாத்தியதை இல்லை என்று எழுதியிருக்கிறது, போய் வாருங்கள்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். நான் உள்ளே இருந்தேன். பணம் கேட்கப் போனால் அந்தத் தாள் அவன் பக்கம் பேசியது, குழந்தையைப் பார்க்க வந்தால் எங்கள் பக்கம் பேசியது. குழந்தையின் பக்கம் அது ஒருநாளும் பேசவில்லை.

"பிள்ளையைக் காட்டவில்லை, நான் ஏன் காசு தர வேண்டும்?" என்று, பிறகு அண்ணன் மகள் போட்ட பராமரிப்பு வழக்கில் அவன் சொன்னபோது எனக்கு அந்தத் தீபாவளி நினைவுக்கு வந்தது. சட்டம் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்பதற்காகக் கதவைச் சாத்தவும் கூடாது. பார்க்கும் உரிமைக்கு அவன் தனியாக மனுப் போடலாம், போட்டிருக்கவும் வேண்டும். அவன் கேட்ட இன்னொரு கேள்வி: "அவளும்தான் சம்பாதிக்கிறாளே?" இதுவும் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. 1956-ன் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமை தாய்க்கும் உண்டு, தகப்பனுக்கும் உண்டு என்றுதான் சொல்கிறது. 2000-ல் பத்மஜா சர்மா வழக்கில் தாய் தகப்பன் இருவருமே சம்பளக்காரர்கள். அவர்கள் வருமானத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் செலவில் தகப்பன் இரண்டு பங்கும் தாய் ஒரு பங்கும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. ஆக, தாய் சம்பாதித்தால் தகப்பனின் பங்கு குறையலாம், மறைந்துவிடாது. அண்ணன் மகள் தன் பங்கை அன்றாடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், விடிகாலைத் தூக்கத்தையும் சேர்த்து.

அவனுடைய வருமானம் என்ன என்பதுதான் பெரிய வேடிக்கை. எங்கள் இரண்டு ஊருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சம்மன் போய்ச் சேர மூன்று மாதம் ஆனது. இரண்டு முறை "ஆள் இல்லை" என்று திரும்பியது. ஆள் தினமும் தோப்பில் காய் வெட்டிக்கொண்டிருந்தார். ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அவனுடைய பிரமாணப் பத்திரத்தில் மாத வருமானம் ஒன்பதாயிரம். பால் அளக்கும் இவளைவிட ஏழை! இளநீர் வியாபாரத்தில் ரசீது ஏது, எல்லாம் கைக்குக் கை. ஆனால் லாரித் தவணையும் குத்தகை முன்பணமும் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்தன. வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை அறுபது நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. குழந்தைக்கு மாதம் ஐயாயிரம், மனுத் தேதியிலிருந்து. பழைய பாக்கியைத் தவணையில் கட்டலாம்.

அண்ணனுக்கு அவன் ஒரு மாதமாவது ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று ஆசை. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உள்ளே போனதால் பாக்கி கழியாது என்றும் உச்ச நீதிமன்றம் வெகுநாள் முன்பே சொல்லியிருக்கிறது. ஆனால் அண்ணன் மகள் சொன்னதுதான் நியாயம்: "உள்ளே இருந்தால் காய் யார் வெட்டுவார்கள், அப்பா?" வக்கீல் எச்சரித்தது வேறொன்றைப் பற்றி. ஒரு தவணை வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூலுக்கு மனுப் போட வேண்டும். தருவான் தருவான் என்று காத்திருந்தால் வாரண்ட் வாங்கும் வழி அடைபடும். அதனால் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள் என்றார். பதினெட்டு வயதோடு இந்த எம்.சி. முடிந்துவிடும், கல்லூரிக் காலத்துக்கு வேறு மனு போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். கல்யாணமாகாத மகள் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவரை 1956 சட்டத்தின்படி தகப்பனிடம் கேட்கலாமாம். அதற்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது.

உத்தரவு வந்த அன்று நீதிமன்ற வராந்தாவில் அவன் என் அருகில் வந்து நின்றான். எட்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. என்ன சொல்வானோ என்று பயந்தேன். "எந்த கிளாஸ் மாமா?" என்று கேட்டான். ஆறாம் வகுப்பு முடிக்கப்போகிறாள் என்றேன். "கண்ணாடி போட்டிருக்கிறாளாமே?" என்றான். ஆமாம் என்றேன். வேறு பேசவில்லை. மாமா என்று கூப்பிட்ட பாத்தியதையை மட்டும் அந்தத் தாளால் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது.

முதல் மாதம் ஐந்தாம் தேதி சரியாக ஐயாயிரம் வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது. மூன்றாம் மாதம் ஒன்பதாம் தேதியாகி, நாலாயிரத்து ஐந்நூறு வந்தது. "காய் விலை இறங்கிவிட்டது" என்று கூடவே ஒரு குறுஞ்செய்தி. அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அண்ணன் மகள் சொசைட்டியில் கொடுத்த பழைய டைரியை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். குழந்தை பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பழக்க தோஷம், என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

"இருக்கட்டும் சித்தப்பா, நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

தேதி போட்டாள். வரவு 4,500 என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில், கோணல்மாணலான எழுத்தில், பாக்கி 500.